திருப்புளி ஏந்திய திருக்கரம்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றும் கைகளுக்கு மட்டும் ஓய்வு கொடுக்க மனம் வராத கிரகஸ்தர் ஒருவர் அநேகமாக ஒவ்வொரு தெருவிலும் இருப்பார். அவருக்குச் சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாது. ஊசியில் நூல் கோக்கவே பேத்தியைக் கூப்பிடுவார். ஆனால், மனைவியின் சீதனமாக அந்த வீட்டுக்கு வந்து, பாவாடையிலிருந்து தலையணை உறை வரையில் சகலத்தையும் தைத்துக் கொடுத்த தையல் யந்திரம் ஒரு நாள் நூலை அறுத்துவிட்டு முரண்டு பிடிக்குமானால், அதற்குச் சிகிச்சை செய்யும் யோக்கியதை தம்மைத் தவிர இந்த வட்டாரத்தில் வேறு எவருக்கும் கிடையாது என்பது அவருடைய திடமான அபிப்பிராயம்.

“மெக்கானிக்குக்கு எதற்குத் தண்டம் அழ வேண்டும்? இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, நாலு ஸ்குரூவைத் திருகிவிட்டுக் காசு கேட்பான். அதை நான் செய்ய மாட்டேனா?” என்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் சொல்வதில் பாதி உண்மை. வீட்டு யந்திரத்துக்கு வரும் உபத்திரவங்களில் பெரும்பாலானவை அற்பமானவையே: முனை மழுங்கிய ஊசி, அல்லது தட்டைப் பக்கம் மாறிச் செருகிய ஊசி, துணியைத் தள்ளும் பற்களுக்கிடையே அடைந்துகொண்ட பஞ்சுப் பிசிறு, ஷட்டிலில் சிக்கிய நூல் துணுக்கு. துணியின் அடிப்பக்கத்தில் நூல் கொசகொசவென்று சுருண்டால், பெரும்பாலும் குற்றம் கீழே பாபினில் இல்லை. மேல் நூலைக் கோத்த விதத்தில்தான். பழைய பல் பிரஷ் ஒன்று, மெஷின் ஆயில் புட்டி ஒன்று, புது ஊசி ஒன்று, இவற்றோடு சற்றுப் பொறுமையும் இருந்தால் காரியம் முடிந்தது. ஆனால் இவையெல்லாம் நம்மவருடைய கௌரவத்துக்குக் குறைவு. பிசிறு தட்டுவது ஸ்திரீகள் காரியம். திருப்புளி பிடிப்பதே புருஷ லட்சணம்!

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டாவது காப்பியும் ஆன பிறகு, கூடத்தில் செய்தித்தாளை விரித்து, யந்திரத்தின் தலையைக் கழற்றிச் சாய்த்து வைத்து, பேரக் குழந்தைகளைச் சுற்றிலும் உட்காரவைத்துக்கொண்டு, உபந்நியாசத்தோடு வேலையை ஆரம்பிப்பார். அமெரிக்காவில் எலியாஸ் ஹோ என்பவர் முனையருகே காது வைத்த ஊசியைக் கொண்ட யந்திரத்துக்கு 1846-இல் காப்புரிமை பெற்றதையும், 1851-இல் ஐசக் சிங்கர் தம்முடைய யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றதையும் சொல்லி, யந்திர மோகத்தைக் கண்டித்த காந்தியடிகளே 1924-இல் சிங்கர் தையல் யந்திரத்துக்கு விதிவிலக்கு அளித்ததையும், மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைக் காணப் பொறாமல் அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்று அதற்குக் காரணம் கூறியதையும் விவரித்துவிட்டு, “நான் மட்டும் என்ன, உங்கள் பாட்டிக்காகத்தானே இவ்வளவு பாடுபடுகிறேன்?” என்று முடிப்பார்.

“அவர் பூட்டினார், நீங்கள் கழற்றுகிறீர்கள்” என்று சமையலறையிலிருந்து பதில் வரும்.

கால் சுற்று திருப்பினாலே நூலின் இறுக்கம் மாறிவிடக்கூடிய பாபின் கேஸின் கடுகத்தனை திருகாணியை அவர் மூன்று சுற்று திருப்புவார். அது துள்ளி விழுந்து மறையும். அது அழுத்திப் பிடித்திருந்த தகடும் பின்தொடரும். உடனே மின்விசிறியை நிறுத்தச் சொல்லி உத்தரவு பிறக்கும். குடும்பமே தவழ்ந்து தேடும். நடக்கிறவர்கள் கண்டிக்கப்படுவார்கள். பிறகு எண்ணெய்ப் படலம். மெஷின் ஆயிலுக்காகக் கடைக்கு ஆள் அனுப்புவது வீண் செலவு என்று தேங்காயெண்ணெயையே தாராளமாகப் பிரயோகிப்பார். அன்றைக்குச் சக்கரம் பிரமாதமாகச் சுழலும். மார்கழியில் எண்ணெய் உறைந்து, நாளாக ஆகப் பிசினாகி, மிதியைக் காலால் அசைக்க முடியாத நிலை வந்து சேரும்.

கடைசியில் எல்லாவற்றையும் பூட்டி முடித்ததும் ஊசி ஏறும், இறங்கும். தையல் மட்டும் விழாது. ஊசி கீழே போய்ச் சற்று மேலெழும்போது உண்டாகிற நூல் கண்ணியை ஷட்டிலின் மூக்கு அந்தக் கணத்திலேயே வந்து பற்ற வேண்டும். அந்த முகூர்த்தத்தை அவர் தவறவிட்டுவிட்டார். “இந்தக் காலத்து நூலே சரியில்லை” என்று தீர்ப்புக் கூறிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்.

மறுநாள் சைக்கிளில் தோல் பையோடு மெக்கானிக் வருவார். விரலால் எண்ணெயைத் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, “யாருங்க இதிலே கை வெச்சது?” என்று கேட்பார். நம்மவர் பேரனைப் பார்ப்பார். பேரன் பாட்டியைப் பார்ப்பான். மண்ணெண்ணெய் விட்டுத் தேங்காயெண்ணெயைக் கரைத்து, ஷட்டிலைச் சரிப்படுத்தி, யந்திரத்தின் கோளாறுக்கு ஒரு கூலியும் அதற்கு நடந்த சிகிச்சைக்கு மற்றொரு கூலியுமாக வாங்கிக்கொண்டு அவர் போய்விடுவார். அதுவரையில் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு ஒவ்வொரு திருப்பையும் உற்றுக் கவனித்த நம்மவர், “பார்த்துக்கொண்டேன், அடுத்த தடவை நானே செய்துவிடலாம்” என்று ஆறுதல் கூறுவார்.

ஆதலால் யந்திரத்துக்கு உடைமைக்காரிகளான தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். பிசிறு தட்டுவதையும், எண்ணெய் விடுவதையும், ஊசி மாற்றுவதையும் நீங்களே செய்யுங்கள்; ஷட்டில் விவகாரத்தை மெக்கானிக்கிடம் விடுங்கள்; ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் இடும் கைங்கரியத்தை வீட்டுக்காரருக்கு ஒதுக்குங்கள். திருப்புளியை மட்டும் அரிசிப் பானைக்குள் போட்டு வையுங்கள்; அந்தப் பக்கம் அவர் எட்டிப் பார்க்க மாட்டார்.