விற்ற வீட்டுக்கு வந்த பில்

கேள்வி: வீட்டைக் கட்டி, விற்று, சாவியும் கொடுத்த பிறகு பில்டருக்கு என்ன பொறுப்பு?

பதில்: பிரிட்டனில் ஒரு பில்டர் இதே கேள்வியைக் கேட்கவில்லை என்பதுதான் அதிசயம்! 2017இல் லண்டனின் கிரென்ஃபெல் டவர் அடுக்குமாடித் தீயில் 72 பேர் இறந்தார்கள். அதன்பின் அந்த பில்டரான பி.டி.டபிள்யூ. நிறுவனம் தன் பழைய அடுக்குமாடிகளைத் தோண்டித் துருவியது. சிலவற்றில் ஸ்ட்ரக்சுரல் டிசைனிலேயே கோளாறு. வாங்கியவர்கள் யாரும் வழக்குப் போடவில்லை, அதற்கான கெடுவும் தாண்டியிருந்தது. ஆனாலும் கைக்காசு போட்டுச் சரிசெய்துவிட்டு, டிசைன் செய்த யூ.ஆர்.எஸ். நிறுவனத்திடம் பில்லை நீட்டியது.

"உங்களை யார் செய்யச் சொன்னது?" என்றது எதிர்த்தரப்பு. (கூட்டுக்குடும்பங்களில் அடிக்கடி கேட்கிற வாதம்.) 2025 மே மாதம் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை; நஷ்டஈடு கேட்கலாம் என்றது.

இதற்கிடையே 2022இல் வந்த கட்டடப் பாதுகாப்புச் சட்டம், குடியிருப்புக் குறைபாடுகளுக்காக வழக்குப் போடுவதற்கான 6 வருடக் கெடுவை நீட்டியது: புதுக் கட்டடங்களுக்கு 15, ஏற்கெனவே கட்டியவற்றுக்கு 30! பழைய வரைபடங்களை எடைக்குப் போட்ட இன்ஜினீயர்கள் இப்போது எந்தக் கடையில் போட்டோம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.