பாதி நகை, பாதி வெகுளி: சங்கரன்கோவில் திரைத் தீர்ப்பியல் குறித்து ஓர் ஆய்வு

சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கனும் பதுமனும் வழக்காடிய தலம் சங்கரன்கோவில். நாகராசர் இருவரும் கோமதி அம்மனிடம் முறையிட, அம்மன் தவமிருக்க, இறைவன் வலப்பாதி சங்கரனாகவும் இடப்பாதி நாராயணனாகவும் ஓருருவில் காட்சி கொடுத்தார் என்கிறது தலபுராணம். ஆடித்தபசு விழா அதற்காகத்தான். ‘யார் பெரியவர்’ என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவான முன்தீர்ப்பு இருக்கும் ஊரில், ரஜினியா கமலா, விஜய்யா அஜித்தா என்ற வழக்குகள் மட்டும் இன்னும் நிலுவையில் கிடப்பது ஆய்வுலகம் கவனிக்கத் தவறிய செய்தி. 2019 நவம்பர் 22-இல் தென்காசி மாவட்டம் உருவானபோது ஊரோடு சேர்த்து இந்த வழக்குகளும் திருநெல்வேலியிலிருந்து மாற்றப்பட்டன. விசாரணை வேகம் கூடவில்லை.

இவ்வூர் ரசிகர் தீர்ப்பு எழுதும் முறையிலும் தலபுராணத்தின் சாயல் உண்டு. ஒரு படத்தை அவர் முழுதாகப் பார்ப்பதில்லை. இரண்டு பாதியாகத்தான் பார்க்கிறார். “ஃபர்ஸ்ட் ஆஃப் தீ, செகண்ட் ஆஃப் லேக்” என்பது தீர்ப்பின் செந்தர வடிவம். “ஒருக்கா பாக்கலாம்லே” என்பது நிபந்தனைப் பிணை. மேல்முறையீடு ஓடிடியில்.

தீர்ப்பு எந்த நேரத்தில் பிறக்கிறது என்பதும் நுண்ணிதின் ஆராயத்தக்கது. 2025 ஆகஸ்ட் 14-இல் ‘கூலி’ வெளியானபோது கேரளத்தில் முதல் காட்சி காலை 6 மணிக்கு, தமிழ்நாட்டில் 9 மணிக்கு. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். ஆகவே தென்காசி மாவட்டத்தில் படத்தைவிட அதைப் பற்றிய கருத்து மூன்று மணி நேரம் முந்தி மலையிறங்கிவிடுகிறது. டிக்கெட்டோடு வரிசையில் நிற்பவர் படத்தை இன்னும் பார்க்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு எங்கே இழுக்கும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

இனி கோட்பாடு. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டில் நகையை முதலில் வைத்து, வெகுளியை ஏழாமிடத்துக்குத் தள்ளினார். வெகுளி பிறக்க அவர் காட்டும் காரணங்கள் நான்கு: உறுப்பை அறுத்தல், குடிக்குக் கேடு செய்தல் (குடிகோள்), அலைத்துத் துன்புறுத்தல், கொலை. அண்மைக்கால ஆக்‌ஷன் படங்களின் வில்லன்கள் இந்த நான்கைத் தாண்டி ஐந்தாவது குற்றம் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பது இவ்வாய்வின் முதல் முடிவு.

இரண்டாவது முடிவு இன்னும் கனமானது. நான்கிலும் நம் இயக்குநர்களுக்குப் பிடித்தது குடிகோள்தான். ‘டாக்டர்’ (2021): குடும்பத்துச் சிறுமி கடத்தப்படுகிறாள். ‘விக்ரம்’ (2022): மகன் கொல்லப்படுகிறான். ‘ஜெயிலர்’ (2023): மகனைக் காணோம். ‘லியோ’ (2023): மனைவி, மக்களுக்கு ஆபத்து. ‘மகாராஜா’ (2024): மகள். ‘கூலி’யில் நண்பனின் சாவு என்று சற்றே விலகினார்கள், உடனே நண்பனின் மகள் வந்துவிட்டாள். “யாராவது ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகாம இவங்க சட்டைக் கைய மடிக்கவே மாட்டாங்களா அண்ணாச்சி?” என்ற டீக்கடைப் பெஞ்சின் ஐயத்துக்கு இலக்கண உரையாசிரியர்கள் எவரும் விடை எழுதி வைக்கவில்லை.

நகைக்கும் தொல்காப்பியர் காரணம் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலுக்குக் கவுண்டமணியே போதிய சான்று. மடன் என்பதற்குப் பேராசிரியர் உரை, ஒருவர் சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்றல் என்ற பொருளில் செல்கிறது. ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தில் இரண்டாவது வாழைப்பழத்தைக் கேட்டபோது செந்தில் எடுத்த நிலைப்பாட்டை இதைவிடத் துல்லியமாக விளக்க முடியாது.

அந்த வகை நகைச்சுவை, கதையிலிருந்து பிரித்தெடுத்துத் தனியே ஒளிபரப்பக்கூடியதாக இருந்தது. இன்று அந்தத் தனித்தடம் குறைந்துவிட்டது. விவேக் 2021 ஏப்ரலில் மறைந்தார். சந்தானம் அதற்கு முன்பே நாயகராகியிருந்தார். யோகி பாபு ‘மண்டேலா’வில் (2021) முதன்மைப் பாத்திரமானார். ‘விடுதலை’யில் (2023) துப்பாக்கி ஏந்திய சூரி, ‘கருடன்’ (2024) படத்தில் அடிதடிக்கே வந்துவிட்டார். வடிவேலு ‘மாமன்ன’னில் (2023) சிரிக்கவும் இல்லை, சிரிக்க வைக்கவும் இல்லை; கைதட்டல் மட்டும் பெற்றார். சிரிக்க வைத்தவர்கள் சண்டைக்குப் போய்விட்டதால், சண்டை போட்டவர்கள் சிரிக்க வைக்க வேண்டியதாயிற்று.

இந்த வெற்றிடத்தில் வளர்ந்ததுதான் இயக்குநர் நெல்சனின் முறை. ‘டாக்டர்’ நாயகன் முகத்தில் புன்னகை அரிது. சுற்றியிருக்கும் ரெடின் கிங்ஸ்லியும் யோகி பாபுவும் பதற, அந்தப் பதற்றத்தில் நகை பிறக்கிறது. அடி விழும் அதே இடத்தில் சிரிப்பும் விழுகிறது. வலப்பாதி வெகுளி, இடப்பாதி நகை: இதை ‘சங்கரநாராயணச் சட்டகம்’ என அழைக்க இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. உலக அளவிலும் ஆதாரம் உண்டு. பஸ்டர் கீட்டன் 1928-இல் ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே தன்மேல் சரிய, ஜன்னல் திறப்பு விழும் இடத்தில் அசையாமல் நின்றார். 1985-இல் ‘போலீஸ் ஸ்டோரி’யில் ஜாக்கி சான் விளக்குச்சரம் சுற்றிய கம்பத்தில் வழுக்கி இறங்கினார். இரண்டும் உயிருக்கு ஆபத்தான வேலை. இரண்டுக்கும் அரங்கில் சிரிப்பு.

2025 மே 1 இயற்கையே நடத்திக்கொடுத்த சோதனை நாள். அன்று வெளியான ‘ரெட்ரோ’வின் நாயகனுக்குச் சிரிக்கவே வராது. அதே நாளில் வந்தது, இலங்கையிலிருந்து படகேறி வந்த குடும்பமொன்று சென்னைக் குடியிருப்பில் கலந்து வாழும் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. சிறிய செலவில், புதிய இயக்குநர் எடுத்த இந்தப் படம் வாய்மொழியாகவே பரவி ஓடியது. நகையைத் தொல்காப்பியர் ஏன் முதலில் வைத்தார் என்று இனி எவரும் கேட்க வேண்டியதில்லை.

இந்த முடிவுகளையெல்லாம் ஒரே படம் கலைத்துப்போட்டது. 2012-இல் படமாகி, 2013 பொங்கலுக்கு வரவேண்டிய சுந்தர் சி.யின் ‘மதகஜராஜா’, 2025 பொங்கலுக்கு வந்து வென்றது. அதில் சந்தானம் இன்னும் நாயகனின் நண்பன். மறைந்துவிட்ட மணிவண்ணனும் மனோபாலாவும் திரையில் நடமாடுகிறார்கள். சண்டை தனியாக, காமெடி தனியாக, பாட்டு தனியாக இருந்தும் அரங்கு குலுங்கியது. இப்படத்தை எந்த ஆண்டுக் கணக்கில் சேர்ப்பது என்பதில் பெஞ்சுக்கும் ஆய்வாளருக்கும் கருத்து வேறுபாடு நீடிப்பதால், அதற்குரிய பின்னிணைப்பு சுந்தர் சி. அடுத்த பழைய படத்தைக் கண்டெடுக்கும்வரை ஒத்திவைக்கப்படுகிறது.