பதிமூன்றாவது மைக்ராஸ்கோப்

மார்ச் பிறந்தால் பிள்ளைகளுக்குப் பரீட்சைப் பயம், எங்களுக்கு ஸ்டாக் வெரிஃபிகேஷன் பயம். ஒரு துறையின் பொருள்களை இன்னொரு துறைக்காரர்தான் எண்ண வேண்டும். தமிழ் வாத்தியாரான எனக்கு இந்த முறை இயற்பியல் ஆய்வகம் வாய்த்தது.

ஆண்டுக்கு ஒரு முறையாவது பொருளை நேரில் பார்த்துச் சரிபார்த்து, பதிவேட்டிலேயே சான்று எழுத வேண்டும் என்கின்றன மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள். 213ஆம் விதி. எங்கள் பல்கலைக்கழகத்தில் மத்திய நிதியில் வாங்கிய கருவிகளும் உண்டு. ஆகவே அந்த விதியின் நகலையும் ஆணையோடு குண்டூசி குத்தி அனுப்பியிருந்தார்கள்.

ஸ்டாக் ரிஜிஸ்டர் தலையணை கனம். நாலு தலைமுறைக் கையெழுத்து. எனக்குப் பிடித்தது கடைசிப் பத்தி, அதாவது ‘குறிப்பு’. ஓரிடத்தில் ‘உடைந்தது, ஆனால் நல்ல நிலையில் உள்ளது’ என்றிருந்தது. இரண்டு வரி தள்ளி, ‘இருப்பில் உள்ளது, காணவில்லை.’ நச்சினார்க்கினியரே வந்து உரை எழுதினால்தான் உண்டு.

ஸ்குரூ காஜ் 0.01 மில்லிமீட்டர் வரை அளக்கும் என்று அட்டெண்டர் அண்ணன் பெருமையாகச் சொன்னார். அவ்வளவு நுட்பமாக அளக்கிற துறையில் ஆறடி இரும்பு பீரோ ஒன்று மூன்று வருஷமாக அகப்படவில்லை.

“போன வருஷம் கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டினார்களே, ஸ்கேன் பண்ணினால் தெரியாதா அண்ணே?” என்றேன்.

அண்ணன் சுத்தக்காரர். ஆயுத பூஜைக்கு எல்லாக் கருவிகளையும் மண்ணெண்ணெய் தொட்டுப் பளபளவென்று துடைத்து, ஸ்டிக்கர் இருந்த இடத்தில் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். நானும் போனை நீட்டிப் பார்த்தேன். குங்குமம் வாய் திறக்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது, யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் காலத்தில் எனாமல் பெயின்ட்டால் எழுதி வைத்த எண்தான்.

டிராவலிங் மைக்ராஸ்கோப்புக்கு வந்தோம். ரிஜிஸ்டரில் 12. மேஜையில் எண்ணினால் 13. மறுபடி எண்ணினேன். 13தான்.

“நல்லதுதானே அண்ணே, ஒன்று கூடுதல்!”

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “குறைஞ்சா ஒரு லெட்டர்ல முடிஞ்சிரும் சார். கூடினா விசாரணை.”

கதை இதுதான். ஆய்வகப் பொறுப்பில் இருந்த ஒரு பேராசிரியர் ஓய்வு பெறும் நேரத்தில் ஒரு மைக்ராஸ்கோப் குறைந்தது. நோ டியூஸ் இல்லாமல் பென்ஷன் நகராது. ஆய்வகக் கருவிகளுக்கு நம் நாட்டில் பேர்போன ஊர் ஹரியானாவின் அம்பாலா. மனிதர் அந்த ஊர்ச் சரக்கு ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கி வைத்துவிட்டுப் பென்ஷனோடு போய்விட்டார். மூன்று மாதம் கழித்து, பழைய விடைத்தாள் கட்டுக்குப் பின்னாலிருந்து அசல் மைக்ராஸ்கோப் வெளிப்பட்டது.

“அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமே?”

“கேட் பாஸ் போடணும் சார். கவர்மென்ட் சொத்து வெளியே போகுதுன்னு ஆகிடும்.”

“அப்படியென்றால் வரவு வைத்துக்கொள்ளுங்கள்.”

“பில் எங்கே சார்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. பதிமூன்றாவதை ஒரு துண்டில் சுற்றி, பக்கத்து வேதியியல் ஸ்டோருக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அங்கே வெரிஃபிகேஷன் அடுத்த வாரமாம், அதற்குள் திரும்பிவிடுமாம். அந்தக் கருவிக்கு ஏன் டிராவலிங் என்று பெயர் வைத்தார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் ஓவர்ஹெட் புரொஜெக்டர்களையும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்களையும் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவற்றைக் கழிவு செய்ய அமைத்த குழுவில் பாதிப் பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். பிரின்டர்கள் இன்னும் பணியில் இருக்கின்றன.

சான்று எழுத உட்கார்ந்தேன். நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குனிந்து பார்த்தால் முதுகுப் பலகையில் பெயின்ட் எண். சும்மா இருந்திருக்கலாம், ரிஜிஸ்டரைப் புரட்டினேன். 2011இல் கழிவு செய்து ஏலம் விடப்பட்ட நாற்காலி அது. தொகை, ரசீது எண், எடுத்தவர் கையெழுத்து எல்லாம் பக்காவாக இருந்தன.

“அண்ணே...”

“உட்காருங்க சார், ஒண்ணும் ஆகாது. நானும் அதுலதான் உட்காருறேன்.”

நின்றுகொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: ‘நேரில் சரிபார்க்கப்பட்டது. இருப்பு சரியாக உள்ளது.’