பவர் ஸ்டீயரிங் பம்புக் கசிவு: தூத்துக்குடிக் கடற்கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

இயல் ஒன்று: ஆய்வின் தேவை

பவர் ஸ்டீயரிங் பம்பில் ஏற்படும் கசிவு குறித்துத் தமிழில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் நிகழ்த்தப்படவில்லை. (ஆய்வேட்டின் முதல் வாக்கியம் இப்படித்தான் அமைய வேண்டும். ஒருவேளை நிகழ்த்தப்பட்டிருந்தால், அதைப் படித்துவிடாமல் பார்த்துக்கொள்வது ஆய்வாளரின் கடமை.) கூரைக் கசிவு, குழாய்க் கசிவு, வினாத்தாள் கசிவு ஆகியவற்றுக்குக் கிடைத்த கவனம் இதற்குக் கிடைக்கவில்லை. அந்தப் பெருங்குறையைக் களையும் பொருட்டே இவ்வேடு எழுந்தது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பனுவல், பவர் ஸ்டீயரிங் வைத்த ஒரு கான்டெஸா கிளாசிக் கார். மூலபாடம் இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர். உரை ஜப்பானின் இசுசு, 1,817 சிசி. பதிப்பித்தோர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், உத்தர்பாரா, மேற்கு வங்காளம். 1984 முதல் 2002 வரை வெளிவந்தது, மறுபதிப்பு இல்லை. நம் கைக்குக் கிடைத்த பிரதியில் இடது கதவின் கீழ்ப்பகுதி செல்லரித்திருப்பதால் பொருள் கொள்வது கடினம்.

களம் தூத்துக்குடி. ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் கடல். நடுவில் நிற்கும் இரும்புக்கு எந்தப் பக்கம் காற்றடித்தாலும் உப்புத்தான். இங்கே ஒரு முரணைச் சுட்டியாக வேண்டும். இதே மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த மாதிரிகள், தமிழ் நிலத்தில் இரும்பின் பழமையை கி.மு. 3345 வரை கொண்டுசெல்வதாக 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஐயாயிரம் ஆண்டுக்கு முன்பே இரும்பைக் கையாண்ட மண்ணில், முப்பது வயது பம்பின் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்ற இரண்டு ஆள், அரை பாட்டில் மண்ணெண்ணெய், கடைசியில் கேஸ் வெல்டிங் நெருப்பு என்று எல்லாம் தேவைப்பட்டன. வண்டியை முதுமக்கள் தாழிக்குள் வைத்துப் புதைத்திருந்தால் சுலபமாகக் கழன்றிருக்கும் என்பது மெக்கானிக்கின் துணிபு (நேர்காணல், வண்டிக்கு அடியிலிருந்து).

இயல் இரண்டு: வரலாறு

எதையும் கொற்கையில் தொடங்குவது இவ்வட்டார ஆய்வு மரபு. கொற்கையில் பவர் ஸ்டீயரிங் இருந்ததற்குச் சான்று இல்லை. இல்லை என்பதற்கும் சான்று இல்லை. எனவே இருந்தது. இந்த முறையியலில் எழுதப்பட்ட நூல்கள் என் அலமாரியில் ஒரு தட்டை நிறைத்திருக்கின்றன. அவற்றுள் சிலவற்றின் ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்தியபோது நானும் கைதட்டியிருக்கிறேன்.

சான்றோடுதான் தொடங்குவேன் என்று அடம்பிடிப்பவர்கள் கப்பலில் ஏற வேண்டும். 1860களில் கிரேட் ஈஸ்டர்ன் என்ற ராட்சதக் கப்பலில் ஜான் மக்ஃபார்லேன் கிரே வடிவமைத்த நீராவிச் சுக்கான் பொறி பொருத்தப்பட்டது. அந்த வசதி கடலிலிருந்து கரையேறிக் காருக்குள் உட்கார ஏறக்குறைய அறுபது வருடம் பிடித்தது. பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தில் பணியாற்றிய ஃபிரான்சிஸ் டேவிஸ் 1926இல் அதை ஓட்டிக் காட்டினார். விலைக்கு வந்தது 1951இல், கிரைஸ்லர் இம்பீரியலில்.

துறைமுகத்துக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. வ.உ.சி. துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல் எதுவானாலும், முழு வேகத்தில் போகும்போது சுக்கானை ஒரு பக்கம் 35 டிகிரியிலிருந்து மறுபக்கம் 30 டிகிரிக்கு 28 நொடிக்குள் திருப்ப வேண்டும் என்பது சர்வதேச விதி. முதன்மைப் பொறி படுத்துக்கொண்டால் கைகொடுக்கத் துணைப் பொறி ஒன்றும் வேண்டும். கான்டெஸாவில் முதன்மைப் பொறி பம்பு; துணைப் பொறி டிரைவரின் இரண்டு தோள்பட்டை. பம்பில் ஆயில் வற்றிய ஒரு மாலையில் மட்டக்கடைச் சந்துக்குள் வண்டியைத் திருப்ப எடுத்த நேரத்தை அந்த 28 நொடியோடு ஒப்பிட வேண்டாம் என்று நெறியாளர் கேட்டுக்கொண்டதால் விடுத்தேன்.

இயல் மூன்று: ஓசை

ஸ்டீயரிங்கை ஒடித்தால் ஊளையிடும். ஆயிலோடு காற்றும் பம்புக்குள் போகிறது என்று பொருள்.

இயல் நான்கு: கறை அடுக்கியல்

இந்த ஆய்வின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்துவைப்பதே முறை. மக்ரூன் பெட்டியின் அட்டை உத்தமம்; வெள்ளையாக இருக்கும், ஊரிலும் தட்டுப்பாடில்லை. பம்புக்குள் ஓடுவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் சிவப்பு ஆயில். புதிதில் சிவப்பு, போகப்போகப் பழுப்பு, கவனிக்காமல் விட்டால் கறுப்பு. ஆகவே அட்டையில் செங்காலம், பழுப்புக் காலம், கருங்காலம் என மூன்று அடுக்குகளைத் தெளிவாகப் பிரிக்கலாம். ஓரத்தில் காணப்படும் பச்சை, ரேடியேட்டரிலிருந்து நிகழ்ந்த குடியேற்றம். பிசுபிசுத்த கறுப்பு எஞ்சின் ஆயிலின் ஆக்கிரமிப்பு. இவ்விரண்டும் கலந்த இடம் பண்பாட்டு ஊடாட்டத்துக்குச் சான்று என்று எழுதிவைத்தேன். அப்படி எழுதாமல் எந்த ஏடும் ஏற்கப்படுவதில்லை.

கறையின் வடிவம் பற்றி அறிஞரிடையே கடும் பிணக்கு உண்டு. சொட்டு வட்டமாக ஒரே இடத்தில் விழுகிறது, எனவே ஓஸ்தான் என்பது ஓஸ் கட்சி (டீக்கடை பெஞ்சு, தெற்கு முனை). அப்படியானால் பானட்டின் அடிப்பக்கம் பெல்ட்டுக்கு நேராக ஒரு கோடு தெறித்திருப்பது எப்படி, புல்லிக்குப் பின்னால் ஷாஃப்ட் சீல் போய்ச் சுழற்சியில் விசிறியடித்திருக்கிறது என்பது சீல் கட்சி (மேற்படி பெஞ்சு, வடக்கு முனை, திருத்திய பதிப்பு). கோடு பழைய கோடு என்றது தெற்கு முனை (மறுப்புரை, இரண்டாம் டீ). பழைய கோடானால் ஏன் விரலில் ஒட்டுகிறது என்றது வடக்கு (மறுப்புக்கு மறுப்பு, வடை தீர்ந்த பின் எழுந்த பதிப்பு, பாடபேதம்: ‘ஏன்வே ஒட்டுது?’). இதற்குமேல் மூத்த சான்று ஒன்றே எஞ்சியுள்ளது (பட்டறைச் சுவர்க் காலண்டர், ஆடி மாதத் தாளின் பின்பக்கம், ராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில், யாருக்கோ தர வேண்டிய பாக்கிக்குக் கீழே பென்சிலால்: ‘சீல்?’ அந்தக் கேள்விக்குறி பிற்காலக் கையெழுத்து). இது பற்றிக் கூடிய அமர்வு பன்னாட்டுக் கருத்தரங்கமாகவே கருதப்பட வேண்டும். பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவருக்கு மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். இதைவிடக் குறைந்த தகுதியோடு ‘பன்னாட்டு’ என்று அழைப்பிதழ் அடித்தவர்களை நான் அறிவேன். அங்கே டீக்கும் காசு வாங்கினார்கள்.

அட்டையை ஆய்ந்து அறிக்கை தரச் சற்றே தாமதமானது உண்மை. ஆனால் ஆதிச்சநல்லூரில் 2004-05இல் தோண்டியதற்கு அறிக்கை வர ஏறத்தாழ பதினைந்து வருடமும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் தேவைப்பட்ட மாவட்டம் இது. அந்த அளவுகோலில் என் அட்டை மின்னல்.

இயல் ஐந்து: கடற்கட்டி மரபு

முத்துக் குளிக்கப் போகும்போது சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டக் கடற்கட்டி என்றோர் ஆள் இருந்ததையும், எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவருக்குப் போனதையும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். முத்துக் குளிப்பு நின்றுவிட்டது, கடற்கட்டி நிற்கவில்லை. இப்போது அவர் ஸ்பேர் கடைகளில் பாட்டிலுக்குள் இருக்கிறார். பெயர் லீக் ஸ்டாப். ஆயிலோடு கலந்தால் காய்ந்துபோன ரப்பர் சீலை ஊறவைத்து உப்பவைக்கும். கொஞ்ச காலம் சொட்டு நிற்கும். பிறகு ரப்பர் தளர்ந்து முன்னைவிடத் தாராளமாக ஒழுகும். நின்றால் பாட்டிலின் மகிமை. நிற்காவிட்டால் ஊற்றியவன் குலுக்காமல் ஊற்றிவிட்டான்.

இயல் ஆறு: மாற்றுதல்

இந்த இயல் தேவையில்லை என்பதே குழுவின் கருத்து. வண்டி ஓட வேண்டியிருப்பதால் சேர்த்தேன்.

பட்டறை மூணாவது மைல் பக்கம். “அண்ணாச்சி, இது ஓஸா சீலாங்கிறதுல ரெண்டு கருத்து இருக்கு” என்று தொடங்கினேன். “ரெண்டும் இருக்கட்டும் சார். அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை இப்படித் தள்ளுங்க” என்றார். முதலில் ரிட்டர்ன் ஓஸைப் பிடுங்கி, வெட்டிய கேனில் ஆயிலை வடித்தார். பெல்ட்டைத் தளர்த்தினார். பிரஷர் பைப்பின் போல்ட்டைக் கழற்றியதும் இரண்டு செம்பு வாஷர் விழுந்தன; எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். செம்பு இளகிவிடும், மறுபடி இறுக்கினால் நன்றாக உட்காரும் என்றார். இரும்புக்கு நேர்மாறான இந்தக் குணத்தை எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை.

பம்பை இறக்கிப் புல்லரை மாட்டிப் புல்லியை உருவியதும் சீல் தெரிந்தது. அதன் உதடு கண்ணாடித் துண்டாக இறுகியிருந்தது. அளவு சீலின் முதுகிலேயே பதிந்திருக்கும். விசைப்படகு ஸ்பேர் கடையில்கூடக் கிடைக்கும். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அவர் ஷாஃப்டைத் துணியால் துடைத்து, “நகத்தை வச்சுப் பாருங்க” என்றார். வைத்தேன். சீலின் உதடு முப்பது வருடம் உரசிய இடத்தில் மெல்லிய வளையம் ஒன்று நகத்தைத் தடுத்தது. வளையத்தில் துருப் புள்ளிகள். “இதுல புதுச் சீலு போட்டாலும் வடியும் சார். பம்பையே மாத்துங்க.” அதுவரையிலான ஐந்து இயல்களும் ஒரு நகத்தோடு போயின.

பம்பு சென்னை புதுப்பேட்டையிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. மாட்டுவது பெரிய வேலையில்லை. காற்றை வெளியேற்றுவதுதான் வேலை. முன் சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை அணைத்துவைத்து, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். டப்பாவில் ஆயில் இறங்க இறங்க ஊற்ற வேண்டும். நுரை அடங்கியபின் எஞ்சினைப் போட்டு மறுபடி. கோடியில் ஒடித்துப் பிடித்துக்கொண்டே நிற்கக் கூடாது. ஆயில் போக வழியில்லாமல் ரிலீஃப் வால்வு வழியே சுற்றிச் சூடேறும், புதுப் பம்பும் போகும்.

இயல் ஏழு: வாய்மொழித் தேர்வு

புறத்தேர்வாளர் இரண்டே கேள்வி கேட்டார். ஏடு யூனிகோடிலா பாமினியிலா என்பது ஒன்று. மதியச் சாப்பாடு எங்கே என்பது மற்றொன்று.

பம்பு மாற்றிய பின்னும் அட்டையில் ஒரு செங்காலச் சொட்டு தென்பட்டது. ஆராய்ந்ததில், அது ரிட்டர்ன் ஓஸ் முனையிலிருந்து வருவது உறுதியாகி, தெற்கு முனையில் டீ வழங்கப்பட்டது. கிளிப்பை அரைச்சுற்று இறுக்கினால் நின்றுவிடும் என்கிறார் மெக்கானிக். இரண்டாம் தொகுதிக்கு நிதிநல்கை கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறது. முடிவு தெரியும்வரை கிளிப்பைத் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.