தேத்தாக்குடிப் பானையும் பேராண்டி கிடாரும்

பரிசோதனை ராக்குன்னு நீ சொன்னதும், வெறும் வயித்துல இருக்கணுமாடான்னு ஒங்க அப்பாயி கேட்டா. அதுக்கு எதுக்குடா அப்படிச் சிரிச்சே? நீ வாசிச்சதைக் கேட்டப்புறம், அவ கேட்டது சரியான கேள்விதான்னு எனக்கும் பட்டுது. கோவிச்சுக்காதே பேராண்டி. அந்தக் கிடாரை அங்கன சாத்தி வச்சுட்டு இப்படித் திண்ணையில ஒக்காரு. ஆயுசு பூரா பம்புசெட்டு மோட்டார் சத்தத்துல காலம் ஓட்டுனவன் நான். ஒன் சத்தம் என்னை ஒண்ணும் பண்ணிடாது.

நேத்து என் காதுல மாட்டிவிட்டியே, அதெல்லாம் கேட்டேன். 1969-ல லண்டன்ல கிங் கிரிம்சன்னு ஒரு கூட்டம். 1973-ல பிங்க் ஃபிளாய்டு போட்ட ‘மணி’ங்குற பாட்டு. கல்லாப்பெட்டி சத்தத்தையும் சில்லறைக் குலுங்கலையும் நாடாவுல வெட்டி ஒட்டி, அதையே தாளமாச் சுத்தவிட்டு ஏழா எண்ணுறாங்க. பாட்டுன்னா மூணு நிமிஷம், எண்ணிக்கைன்னா நாலுன்னு கெடந்த ராக்கை இவங்க இழுத்த இழுப்புல ஒரே பாட்டு இருவது நிமிஷம் ஓடுது, அஞ்சுங்குறான், ஏழுங்குறான். கெட்டிக்காரங்கதான், இல்லேங்கலை. ஆனா ஏழுன்னதும் நீ கண்ணை உருட்டுனே பாரு, அதுதான் எனக்குச் சிரிப்பு. ஏழுன்னா மிஸ்ர சாபு. அஞ்சுன்னா கண்ட சாபு. நம்ம கோயில் தவில்காரர் அதைத் தட்டிக்கிட்டே பக்கத்துல இருக்குறவர்கிட்ட வெத்தலைக்குச் சுண்ணாம்பு கேப்பார்.

ஒடனே நெஞ்சை நிமித்தாதே. எல்லாம் நம்ம ஊர்லேருந்துதான் போச்சுன்னு டீக்கடையில பேசுறவன் எவனுக்காவது ஆதி தாளம் ஒரு ஆவர்த்தம் ஒழுங்காப் போட வருமான்னு கேட்டுப் பாரு. பிங்க் ஃபிளாய்டுக்கு ஏழு எண்ணத் திருவாரூர்லேருந்து யாரும் போய்ச் சொல்லித் தரலை. அவங்களாத்தான் எண்ணுனாங்க.

தேடி வந்து கத்துக்கிட்டவன் வேற ஆளு. ஜான் மெக்லாக்லின், இங்கிலாந்துக்காரர். 1971-ல அமெரிக்காவுல மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரான்னு ஆரம்பிச்சார். பேரைக் கேட்டுட்டு மார்கழி பஜனைக் கோஷ்டியாக்கும்னு நெனச்சேன். காதுல வச்சா இடி எறங்குது. ஜாஸும் ராக்கும் சேந்த இடி. அந்த வேகத்துலேயே நின்னிருந்தா காசு கொட்டியிருக்கும். மனுஷன் என்ன பண்ணார் தெரியுமா? வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல நம்ம எஸ். ராமநாதன்கிட்ட வீணை கத்துக்க ஒக்காந்தார். ஒலகம் பூரா பேர் வாங்குன விரலை வச்சுக்கிட்டு முதல் பாடத்துலேருந்து! அதுக்கப்புறம் கிடார்ல கட்டைக்குக் கட்டை நடுவுல பலகையைக் குழிச்சுக்கிட்டார். குழிச்சாத்தான் தந்தியை அமுக்கிக் கமகம் பிடிக்க முடியும். வீணையில அந்தப் பள்ளம் ஏற்கெனவே இருக்கு. அதோட, அவர் கிடார்ல வாசிக்கிற தந்திக்கு அடியில குறுக்கால இன்னும் ஏழு தந்தி, தானா முனகிக்கிட்டு இருக்கறதுக்கு. அந்தக் கிடாரோட ‘சக்தி’ன்னு ஒரு குழு. எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, கடத்துக்கு விக்கு விநாயக்ராம்.

விநாயக்ராம் யாருங்குறே? தேத்தாக்குடி ஹரிஹர சர்மா மவன். தேத்தாக்குடி எங்க இருக்குன்னு பெங்களூர்ல ஒன் கூட்டாளிககிட்ட கேட்டா முழிப்பானுங்க. வேதாரண்யத்துக்குப் பக்கம், உப்புக்காத்து அடிக்கிற ஊர். அந்த ஊர்ப் பேரைத் தூக்கிக்கிட்டு ஒரு மண்பானை, 1975-ல அமெரிக்க மேடையில ஏறி ஒக்காந்துது. அடுத்த வருஷம் அது இசைத்தட்டா வந்துது. அப்புறம் கிரேட்ஃபுல் டெட்னு ஒரு ராக் கூட்டத்துல முழவு அடிக்கிற மிக்கி ஹார்ட், ஒலகத்துத் தாளக்காரங்களை ஒண்ணாச் சேத்து ‘பிளானட் டிரம்’னு ஒரு தட்டு போட்டார். அதுலயும் இந்தப் பானை. 1992-ல அதுக்கு கிராமி பரிசு. 2024-ல சக்திக்கே கிராமி வந்தப்போ கஞ்சிரா வாசிச்சது விநாயக்ராம் மவன் செல்வகணேஷ். பானைக்குப் பிளக்கு கெடையாது, பெடல் கெடையாது. சத்தத்தை மாத்தணும்னா வயித்தோட வாயை அணைச்சுக்கிட்டு ஒரு அமுக்கு. நீ வாங்கி வச்சிருக்கியே கால்ல மிதிக்கிற அந்த ஆறு டப்பா, அதுக்கு என்ன வெலை சொன்னே? வேணாம், அப்பாயி காதுல விழப்போவுது.

கிடாரைக் கோயில் பக்கம் கொண்டுவராதேன்னு ஒன்னைக் கத்துறாரே மேலத்தெரு மாமா, அவர் கச்சேரின்னா முதல் வரிசையில ஒக்காந்து வயலினுக்குத் தலையாட்டுறவர். அந்த வயலின் என்ன வெண்ணாத்தங்கரையிலயா மொளைச்சுது? திருவாரூர்ல பொறந்த பாலுசாமி தீட்சிதர் மெட்ராஸ் பக்கம் போனப்போ வெள்ளைக்காரன்கிட்ட கத்துக்கிட்டது அது. அவர் அண்ணன் முத்துசாமி தீட்சிதர் (1775–1835) அதுக்கும் மேல. கோட்டையில பேண்டுக்காரன் வாசிச்ச மெட்டையெல்லாம் காதுல வாங்கி, சமஸ்கிருத வார்த்தை போட்டு நோட்டுசுரம்னு பண்ணிட்டார். இங்கிலீஷ்காரன் தன் ராஜாவைக் காப்பாத்தச் சொல்லிச் சாமிகிட்ட பாடுனான். தீட்சிதர் அதே மெட்டுல ராஜாவைக் கழட்டிவிட்டு அம்பாளை ஒக்கார வச்சார். இங்க தஞ்சாவூர் அரண்மனையில சரபோஜி மன்னர் மேல்நாட்டு பேண்டே வச்சிருந்தார். சதிராட்டத்துக்கு வாசிக்கிற சின்ன மேளத்துல கிளாரினெட்டு நுழைஞ்சுது. மாண்டலின் சீனிவாஸ் மின்சாரத்துல சொருகி வாசிச்சுச் சபையை மயக்குனார். வரும்போது ஒவ்வொண்ணுக்கும் வாசல்ல திட்டு விழும். ரெண்டு தலைமொறை போனா அதுவே அனாதி காலச் சம்பிரதாயம். மாமா அந்தத் திட்டைத்தான் வழக்கம் மாறாம ஒனக்குக் குடுக்குறார். வாங்கிக்க.

ஆனா ஒண்ணு. வெளியிலேருந்து சாமானைக் கொண்டாந்து நுழைக்கிறது பெரிய வித்தை இல்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைக் கேள்விப்பட்டிருக்கியா? அவர் காலத்து நாயனம் திமிரி. குட்டை, சுருதி கீச்சுன்னு மேல நிக்கும். தெருவுல சாமி வருதுன்னு நாலு ஊருக்குச் சொல்ல அது போதும். ஒக்காந்து மணிக்கணக்கா தோடி வாசிக்கணும்னா ஆவாது. சுத்த மத்யமம் வேற சரியாப் பேசாது. அவரும் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியும் சேந்து ஆச்சா மரத்தைக் கடைஞ்சு கடைஞ்சு பாத்து, நீளத்தைக் கூட்டி, சுருதியை எறக்கிப் பாரி நாயனத்தைக் கொண்டாந்தாங்க. சத்தம் கனத்துப்போச்சு. இதுக்கு ரொம்பப் பின்னால, 1971 வாக்குல, பர்மிங்காம்ல டோனி அயோமின்னு ஒருத்தர், தகரப் பட்டறையில விரல் நுனி போனவர், கிடார்த் தந்தியைத் தளத்திச் சுருதியை எறக்கி பிளாக் சபாத்ங்குற ராக் கூட்டத்துக்கு அந்த இருட்டுச் சத்தத்தைக் குடுத்தார். ஒருத்தரை ஒருத்தர் கேட்டிருக்கவே மாட்டாங்க. ரெண்டு பேருமே இருக்குற வாத்தியத்தை மல்லுக்கட்டி மாத்துனவங்க. அதைத்தான்டா நான் பரிசோதனைங்குறேன். ஒன் டப்பா ஆறும் சேந்து பண்றது வேற.

ராஜரத்தினம் பிள்ளை இன்னொரு சேட்டையும் பண்ணார். நாயனக்காரர்னா சட்டை இல்லாம, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, நின்னு வாசிக்கணும்னு இருந்த காலத்துல கிராப்பு வெட்டி, ஷெர்வானி மாட்டி, மேடையில ஒக்காந்து வாசிச்சார். தோடியை ரசிச்ச பெரியமனுஷன் நெறைய பேருக்கு அந்தச் சட்டைதான் கண்ணை உறுத்துச்சு. அந்த ஜாதிப் பார்வைக்குப் பதில் சொல்ற மாதிரி 2018 சனவரியில சென்னையில பா. ரஞ்சித்தும் தென்மாவும் ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’னு 19 பேரை மேடையேத்துனாங்களே, கானா, பறை, டிரம்ஸ், கிடார்னு எல்லாம் ஒரே வரிசையில. நீ அதுல கிடாரை மட்டும் கேட்டிருப்பே. நம்ம தெருவுல பறை இன்னைக்கும் எந்த எல்லையில நின்னுடுதுன்னு எனக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். பேசிக்க மாட்டோம்.

பெங்களூர்ல ஒன் கூட்டாளிக தலையில வச்சுக் கொண்டாடுற ‘அகம்’ குழுவையும் போட்டுக் காட்டுனே. 2003-ல ஆரம்பிச்சு, 2012-ல மொதத் தட்டு. திருவையாத்துல தியாகராஜர் பாடுனதை டிரம்ஸ் அதிரப் பாடுறாங்க. அந்தப் பையன் குரல் நல்ல குரல், சுருதி நிக்குது. தஞ்சாவூர்ப் பூர்வீகம், லண்டன்ல பொறந்த சுசீலா ராமன்னு ஒரு பொண்ணு 2011-ல ‘வேல்’னு போட்ட தட்டு எனக்கு இன்னும் பிடிச்சுது; முருகனைக் கூப்புடுறதுல ஒரு ஆவேசம் இருக்கு. இவங்களைப் பாத்து நூறு பேர் கெளம்பியிருக்கான் பாரு, அங்கதான் கோளாறு. கீர்த்தனை ஒரு பக்கம் அப்படியே கெடக்கு, நடுவுல கிடார் வந்து கத்திட்டுப் போவுது, திரும்பக் கீர்த்தனை. குறுவைத் தாளை உழுது மடக்காம அது மேலேயே தாளடி நட்ட மாதிரி. நீ நேத்து வாசிச்சதும் அதே கணக்குலதான் இருந்துது. மூஞ்சியைத் தூக்காதே.

இப்ப நான் சொல்றதைக் கேளு. காலையில தவில்காரர் வீட்டுக்குப் போ. கிடாரைக் கொண்டுபோவாதே, வெத்தலை பாக்கு கொண்டுபோ. மல்லாரியை மூணு காலத்துல எப்படி ஏத்தி எறக்குறார்னு கையில தாளம் போட்டுக் கேளு. தப்பாப் போட்டா அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார், லேசாச் சிரிப்பார். அது அடியை விட வலிக்கும். தெக்குத் தெருவுல பறையடிக்கிற பயலுக இருக்கானுங்க, அவனுங்ககிட்டயும் போ. அங்க ஒக்காரச் சொன்னா பாயில ஒக்காரு, குடுத்தா காப்பி குடி.

திருவிழா ஒம்பதாம் நாள் சாமி பொறப்பாட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் நடுவுல கால் மணி நேரம் சும்மா கெடக்கும். கமிட்டித் தலைவன் என் சித்தப்பா மவன், நான் பேசுறேன். தவிலு, பறை, கிடாரு மூணுக்கும் மேடையில ஒரே ஒசரம், மூணுக்கும் ஒரே சம்பளம். சம்பளம் ஒன் பையிலேருந்து, முன்பணமா. மைக்செட்டு வாடகையை மட்டும் மைக்செட்டுக்காரன்கிட்ட குடுத்துடாதே. போன வருஷம் எடுத்த வைக்கோலுக்கு அவன் எனக்கு இன்னும் பாக்கி. அந்தப் பணத்தை இங்கன குடு, நான் கணக்குப் பாத்துக்கிறேன்.