கொல்லிப்பாவையும் ஒன்பதாம் வகுப்பு ஓவியமும்

பள்ளியில் பிள்ளைகள் வரையும் படம் ஆசிரியரின் சிவப்பு மையில் ஒரு 'டிக்' வாங்கியதும் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது. பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை, வரைந்த பிள்ளைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓவியக் கல்விக்குப் படைத்தல், காட்சிக்கு வைத்தல் என்று இரண்டு பாதிகள் உண்டு. இரண்டாம் பாதியை விட்டுவிட்டால் முதல் பாதியும் உருப்படாது என்பது என் துணிபு. இதை விளக்க, கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்றான அரியூர் நாட்டை எடுத்துக்கொள்கிறேன். கலைப்பொருளைக் காட்சிக்கு வைப்பது பற்றிச் சங்கப் பாடல்களே பேசும் மலை அது.

அந்த மலையில் நிற்பதாகச் சங்கப் பாடல்கள் சொல்லும் பெண்ணுருவமான கொல்லிப்பாவையைச் செய்தது யார்? பரணரின் குறுந்தொகைப் பாடல் (89) தெய்வம் என்கிறது. நற்றிணையின் 192-ஆம் பாடல் பூதம் என்கிறது. நிற்கும் இடம் மலையின் மேற்குப் பக்கம். அதன் உறுதியைப் பரணரே நற்றிணை 201-இல் அடுக்குகிறார்: காற்று மோதினாலும், மழை சாடினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அதன் வடிவம் குலையாது. செய்தவர், வைத்த இடம், இன்றைய நிலை என்ற இந்த மூன்றும் அருங்காட்சியகத்தில் சிற்பத்தின் விவரப் பலகையிலோ பதிவேட்டிலோ இடம்பெறுபவை. பார்வையாளரும் பாட்டிலேயே இருக்கிறார். காதலியின் அழகைச் சொல்ல வந்தவனுக்கு இந்தப் பாவைதான் நினைவுக்கு வருகிறது. ஆக, ஒரு படைப்பு எங்கே நிற்கிறது, யார் கண்ணில் படுகிறது என்பதும் அந்தப் படைப்பில் சேர்த்தி என்று நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

அமெரிக்காவில் 2014-இல் வெளியான தேசியக் கலைக்கல்வித் தரநிலைகள் இதையே பாடத்திட்ட மொழியில் சொல்கின்றன. படைத்தல், காட்சிப்படுத்தல், எதிர்வினை, தொடர்புபடுத்தல் என நான்கு செயல்கள். அவற்றின் கீழே 11 பொது இலக்குகள். காட்சிப்படுத்தலுக்கு மட்டும் மூன்று: எந்தப் படைப்பை ஏன் தேர்ந்தெடுத்தாய், அதை எப்படிப் பக்குவப்படுத்தினாய், வைத்த விதத்தால் என்ன பொருள் வந்தது. உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு இவை மூன்று படிநிலைகளில் விரிகின்றன.

நம் ஊரில் 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம் பத்தாம் வகுப்புவரை கலைக்கு இடம் கேட்டது. ஆனால் தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவைதான் உண்டு. 2012-இல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டபோது மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம்; பல பள்ளிகளில் ஓவியமும் அவர்கள் கையில் வந்தது, அதுவும் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை. ஒன்பதில், கை தேறத் தொடங்கும் வயதில், பென்சில் கீழே வைக்கப்படுகிறது. 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா நல்ல முயற்சி, மனதார வரவேற்கிறேன். ஆனால் அது போட்டி. வென்ற பிள்ளை அடுத்த கட்டத்துக்குப் போகும். மற்ற பிள்ளைகளின் படங்களுக்கு ஒரு சுவர் வேண்டும்.

கொல்லிமலை இருக்கும் இதே நாமக்கல் மாவட்டத்தின் மோகனூரில் 1888-இல் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளை, 1949-இல் அரசவைக் கவிஞர் ஆவதற்கு முன் உருவப்படம் வரைந்து பிழைத்தவர். ஓவியம் சோறு போடாது என்று பெற்றோர் சொன்னால் ஆசிரியர் இவரைக் காட்டலாம்.

இனி மிளகு விளையும் அரியூர் நாட்டின் ஒன்பதாம் வகுப்புக்கான இலக்குகள். 'அழகுணர்ச்சி வளரும்' என்று எழுதுவதில் பயனில்லை, அதை யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதையே நான்கு முறை வரைய வேண்டும். முதலில் கோடு மட்டும். பிறகு பச்சைக் காய், சிவக்கத் தொடங்கிய பழம், பாயில் காயும் மிளகு. கடைசியில்தான் பாடம் இருக்கிறது: காய்ந்த மிளகு ஒரே கறுப்பு இல்லை. சுருக்கத்தின் மேட்டில் பழுப்பு, பள்ளத்தில் ஊதா கலந்த இருட்டு. ஆகவே இலக்கை இப்படி எழுதலாம்: 'கறுப்பு வண்ணத்தைத் தொடாமல், நீலத்தையும் பழுப்பையும் கலந்து மூன்று கறுப்புகளை மாணவர் உண்டாக்குவார்.' இதைச் சோதிக்க முடியும்.

காட்சிக்கு வைப்பதற்கும் இதே கறார் வேண்டும். நான்கில் ஒன்றைத் தேர்ந்து, ஏன் என்று நான்கு வரி எழுத வேண்டும். பெயர், தலைப்பு, வண்ணத்தின் வகை, அளவு, ஆண்டு எழுதிய சீட்டு பக்கத்தில் இருக்க வேண்டும். அருங்காட்சியகங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 150 செ.மீ. உயரத்தில் வரும், தம்பி தங்கைகளும் பார்க்க வருவார்கள் என்பதால் இங்கே இறக்கி மாட்டுவது நல்லது. பனிமூட்டத்தில் தாள் ஈரம் வாங்கிச் சுருளும், அட்டையில் ஒட்டிவிட வேண்டும். சாரல் அடிக்கும் சுவர் ஆகாது; சன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால் வெளிச்சம் பட்டுப் படம் மினுங்கும். எந்தச் சுவர் என்று மாணவரே நின்று பார்த்து முடிவெடுக்கட்டும்.

பார்க்க வருகிறவர்கள் மிளகு பறிக்கிற அம்மாக்களும் பெரியப்பாக்களும். மிளகுச் சரம் இலைக்காம்பின் கக்கத்தில் முளைப்பதில்லை, அதே கணுவில் இலைக்கு எதிர்ப்புறத்தில் புறப்படும். பார்க்காமல் வரைந்தவர் கக்கத்தில்தான் வரைந்திருப்பார். ஆசிரியர் கண்ணுக்குத் தப்பிய அந்தப் பிழை, வருஷா வருஷம் ஏணி வைத்துக் கொடியைத் தடவிப் பறித்த கைக்குத் தப்பாது. "ஏன் கண்ணு, சரம் இந்தப் பக்கமா வரும்?" என்று அவர்கள் கேட்கத்தான் இத்தனை ஏற்பாடும்.

எனவே கண்காட்சியை ஆண்டு இறுதியில் வைக்கக் கூடாது. மிளகு அறுவடை நடக்கும் தை மாதத்தில் வைத்து, படங்களை இறக்கிய பின் ஐந்தாவது முறை வரைய ஒரு வாரம் கொடுக்க வேண்டும். மதிப்பெண் அந்த ஐந்தாவது படத்துக்கு.