விசில் எண்ணிக்கையும் மான்கறியும்: ஒரு மறுஆய்வு

தமிழர் சமையலில் காலத்தை அளக்கும் அலகு விசில். பருப்புக்கு மூன்று, ஆட்டுக்கறிக்கு ஐந்து, நாட்டுக்கோழிக்கு அதன் வயதைப் பார்த்து. இவ்வலகு மானுக்கும் பொருந்துமா என்பதே ஆய்வு வினா. களம், எடின்பரோவில் எங்கள் வீட்டு அடுப்படி. மாதிரி, அரைக் கிலோ செம்மான் முதுகுக்கறி. ஓநாய் அற்றுப்போன ஸ்காட்லாந்தில் மான்கள் பெருகி மரக்கன்றுகளைத் தின்று தீர்ப்பதால் ஆண்டுதோறும் சுட்டுக் குறைக்கிறார்கள். கறி கடையில் முறையாகவே கிடைக்கிறது.

முன்னோடி ஆய்வாளர் என்ற வகையில் மதுரையிலிருக்கும் மாமியாரைப் போனில் அணுகினேன். 'மான்' என்றதுமே அவர் குரல் இறங்கிவிட்டது. "மெதுவாப் பேசுங்க மாப்பிள்ளை, யார் காதுலயாச்சும் விழுந்துரப் போகுது." 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஸ்காட்லாந்தில் செல்லாது என்று விளக்கினேன். அப்படியும் ரகசியமாகத்தான், "எதுக்கும் ஆறு விசில் விடுங்க" என்றார்.

கால் கிலோவுக்கு விட்டேன். மூடியைத் திறந்தால், துண்டுகள் பாதியாகச் சுருங்கிச் சாம்பல் நிறத்தில் கிடந்தன. குக்கரின் காஸ்கெட்டையே நறுக்கிப் போட்டிருக்கிறேன் என்பது என் மகனின் கொள்கை. செருப்பு வார் என்பாரும் உளர்.

சப்பைக்கறி என்றால் மாமியாரின் கோட்பாடு வென்றிருக்கும். அதில் கொலாஜன் நிறைய. வேக வேக அது குழைந்து கறியை மெத்தென்று ஆக்கும். முதுகுத்தசையில் கொலாஜனும் குறைவு, கொழுப்பும் சொற்பம். சூடு 60 டிகிரியைத் தாண்டினால் நார்கள் இறுகி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து தள்ளிவிடும். குக்கருக்குள்ளோ 120 டிகிரி.

இரண்டாம் சோதனைக்கு மிச்சக் கால் கிலோ. மேலே படர்ந்திருந்த வெள்ளி நிற ஜவ்வைக் கத்திமுனையால் உரித்தேன். உப்பும் மிளகும் தடவி, புகையக் காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் திருப்பித் திருப்பிப் போட்டு, நடுவில் குத்திய வெப்பமானி 55 காட்டியதும் இறக்கி, பத்து நிமிடம் சும்மா விட்டேன். நறுக்கினால் நடுவே மாதுளை நிறம். பல்லுக்கு வேலையே இல்லை.

முடிவுகளை மதிப்பீட்டுக் குழுவின் முன் வைத்தேன். குழு, அதாவது என் மனைவி, ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ரத்தம்ங்க."

ரத்தமல்ல, மயோகுளோபின் என்னும் தசை நிறமி என்று நான் நிறுவிக்கொண்டிருந்தபோதே தட்டைக் காணோம். அடுப்படியில் முதல் விசில் வந்தது.